மறையெழுத்துப் பயின்ற மாணவியர்

பகைவரின் எண்ணத்தை முன்னறிந்து காத்துக்கொள்ளுதல் படை வலிமைக்கு நிகரான வலிமையாகும். இரண்டாம் உலகப் போரில் அவ்வலிமையை அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அளித்தோருள் கல்லூரி மாணவியரும் இருந்தனர்.

1941ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் வெல்லெஸ்லி, ஸ்மித், கௌச்சர் முதலிய மகளிர் கல்லூரிகளில் இறுதியாண்டு பயின்ற மாணவியர் சிலர் தனித்தனியே அழைக்கப்பெற்றனர். "குறுக்கெழுத்துப் புதிர்களில் விருப்பம் உண்டா? திருமணம் உறுதி செய்யப்பட்டுள்ளதா?" என்று அவர்களிடம் வினவினர். முன்னதற்கு 'ஆம்' என்றும், பின்னதற்கு 'இல்லை' என்றும் விடை கூறியோர் கடற்படையின் மறைவான பயிற்சிக்குத் தெரிந்தெடுக்கப்பெற்றனர். பெற்றோரிடத்தும், உடனுறையும் தோழியரிடத்தும் அதைப்பற்றி வாய் திறத்தல் ஆகாது என்பது கட்டளை. டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கவே, அப்பயிற்சியின் தேவை பன்மடங்காயிற்று.

வாரந்தோறும் புதிய புதிர்கள் வந்தன. கல்லூரிப் பாடங்களையும் கைவிடாது, அவற்றையும் விடுவித்து அனுப்புதல் வேண்டும். ஓர் எழுத்திற்கு மாற்றாக வேறோர் எழுத்தை இட்டு எழுதுவது எளிய மறையெழுத்து. ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயில்வது 'ஈ' என்னும் எழுத்து. அதற்கு அடுத்தது 'டீ'. ஆதலின், மறையெழுத்து மடலில் எவ்வெழுத்து மிகுதியாக வருகின்றதென முதலில் எண்ணுவர். அதனை 'ஈ' என ஊகிப்பர். அவ்வூகத்தால் பொருள் பிறக்கின்றதா எனச் சோதிப்பர். பிறவாவிடில், பல மணி நேரம் உழைத்ததனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவர். இத்துன்பத்தைத் தாங்காது இடையில் நின்றோரும் உண்டு. தாங்கியோர், தம் ஊகத்தின்மீது தாமே பற்றுக்கொள்ளுதல் கூடாது என்னும் அரிய பாடத்தைக் கற்றனர்.

1942ஆம் ஆண்டில் பட்டம் பெற்றபின் அவர்கள் வாஷிங்டன் நகருக்குச் சென்றனர். ஆங்கு அவர்களை எதிர்நோக்கியிருந்தது, 'ஜே. என். 25' எனப்பட்ட ஜப்பானியக் கடற்படைக் குறியீடு. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. 'கப்பல்' என்பதற்குரிய எண் 25131 எனக் கொள்க. அதனோடு 48605 என்னும் மற்றோர் எண்ணை, மேலிடத்திற்கு எதனையும் கொண்டு செல்லாமல் கூட்டினால், 63736 கிடைக்கும். அதுவே வானொலி வழி அனுப்பப்பெறும்.

அனுப்புகையில் நேரும் பிழையைக் கண்டறிய, குறியீட்டு எண்கள் யாவும் மூன்றால் வகுபடுமாறு ஜப்பானியர் அமைத்திருந்தனர். அக்காவலே பகைவருக்குத் திறவுகோலாயிற்று. ஒரே எண் கூட்டப்பெற்ற பல செய்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஊகித்த எண்ணை ஒவ்வொன்றிலிருந்தும் கழிப்பர். விடைகள் யாவும் மூன்றால் வகுபட்டால் ஊகத்தை ஏற்பர். வகுபடாவிடில் வேறோர் எண்ணை நாடுவர். கல்லூரியில் பழகிய பொறுமை ஈண்டுப் பயன்பட்டது. அவர்களுள் பலருடைய உடன்பிறந்தார் போர்முனையில் இருந்தனர். பகைக் கப்பலின் போக்கைக் கூறும் செய்தி ஒரு நாள் தாமதித்து வெளிப்பட்டால், அதனால் மாள்வோர் தம் இல்லத்தவராகவும் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

எனினும், தம் பணி யாதெனக் கேட்டவர்க்கு, "குப்பைக் கூடையைக் காலி செய்கின்றோம், பென்சில் சீவுகின்றோம்" என்றே விடை பகர்ந்தனர். கேட்டவர் நகைத்தனர், அவர்களும் உடன் நகைத்து அமைந்தனர். போர் 1945ஆம் ஆண்டில் முடிந்தது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் அவர்கள் அம்மறையை வெளியிடவில்லை; தம் மக்களிடத்தும் கூறாது மறைந்தோர் பலர்.

ஊகத்தை உண்மையென்று மயங்காமையும், பிழையெனக் கண்டதை வருந்தாது கைவிடுதலும் ஆராய்ச்சிக்கு உயிர்நாடி. அறிந்ததைக் காத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றிருந்த அம்மாணவியர், புகழை நாடாது தம் நாட்டிற்குத் தொண்டு புரிந்தனர்.