பன்னாட்டு நீதிமன்றத்தின் கதவு யாருக்குத் திறக்கும்?

வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாகும் நாளில், நீதிமன்ற வாசலில் எங்களிடம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: “இதை ஐ.நா. நீதிமன்றத்துக்குக் கொண்டு போக முடியாதா, தோழர்?” அக்கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. அதற்கு நேர்மையாக விடையளிப்பது எங்கள் கடமை.

தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் அரசுகள் மட்டுமே வழக்காட முடியும். ரோஹிங்கியா மக்களுக்காக 2019இல் மியான்மர் மீது வழக்குத் தொடுத்ததும் காம்பியா என்னும் அரசே. பாதிக்கப்பட்ட மக்கள் அல்லர். அதே நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிக்கிறது. ஆனால், அதை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை.

நமக்கு நெருக்கமானது இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா 1968இல் அதை ஏற்றது. அதன் முதல் பிரிவு ‘மரபுவழி’ அடிப்படையிலான பாகுபாட்டையும் தடை செய்கிறது. சாதி அதில் அடங்காது என்பது இந்திய அரசின் வாதம். அடங்கும் என்று உடன்படிக்கைக் குழு 2002இல் தனது 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. எனினும், தனிநபர் அக்குழுவிடம் முறையிட வேண்டுமெனில், 14ஆம் பிரிவின்கீழ் அவருடைய அரசு தனியே ஒப்புதல் அறிவிப்பு செய்திருக்க வேண்டும். இந்தியா அதைச் செய்யவில்லை. அதைச் செய்ய வைப்பது நமது அரசியல் கோரிக்கையாக வேண்டும்.

இன்று திறந்திருக்கும் வழி, அரசின் அறிக்கையைக் குழு ஆராயும்போது மக்கள் அமைப்புகள் அளிக்கும் மாற்றறிக்கை. குழுவின் முடிவுரை தீர்ப்பன்று. யாரையும் சிறைக்கு அனுப்பாது. ஆயினும் அதை நம் நீதிமன்றங்களில் எடுத்துரைக்கலாம். 1997இல் விசாகா வழக்கில், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையைத் துணைகொண்டே உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது.

நாளை 14ஆம் பிரிவின் கதவு திறந்தாலும், உள்நாட்டு வழிகள் அனைத்தையும் முயன்று முடித்தோம் என்றோ, அவை நியாயமின்றி இழுத்தடிக்கப்பட்டன என்றோ நாம் காட்டியாக வேண்டும். இரண்டுக்கும் ஆவணமே சான்று. வன்கொடுமை வழக்கைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்தாரா? 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானதா? பிணை விசாரணை குறித்து, சட்டத்தின் 15ஏ பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பு தரப்பட்டதா? தரப்படாதபோது எழுத்துமூலம் ஆட்சேபித்தோமா?

மீறல் ஒவ்வொன்றையும் தேதியோடு பதிவு செய்யாத வழக்கு, ஊர் நீதிமன்றத்தில் தோற்பதுபோலவே ஜெனீவாவிலும் தோற்கும். ஆகவே அந்தக் கேள்வி மீண்டும் எழும்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: முதல் தகவல் அறிக்கையின் நகல் யாரிடம் இருக்கிறது?