ஏர்போர்ட் வரைக்கும் நாம்... அதற்கப்புறம் யார்?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு முதல் துணை, ஒரு வருடம் முன்னால் அங்கே போன இன்னொரு பிள்ளைதான். அந்தத் துணையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தேடிக்கொள்ள முடியும்.

திண்டிவனத்தைத் தொட்டுக்கொண்டு போகும் ஜி.எஸ்.டி. சாலைதான் மீனம்பாக்கம் விமான நிலைய வாசலையும் தொட்டுக்கொண்டு போகிறது. இடையில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். விழுப்புரத்திலிருந்து என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டு, பெட்டிக்குள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மல்லாட்டை உருண்டை எல்லாம் அடைத்து, பிள்ளையை வழியனுப்பிவிட்டு வருவது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இப்போது புதிதல்ல.

வெளிநாடுகளில் படிக்கும் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 2024-ல் 13 லட்சத்தைத் தாண்டியதாக மத்திய வெளியுறவு அமைச்சகம் கூறியிருக்கிறது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் இன்னொரு கணக்கும் வந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வெளிநாடுகளில் இறந்துபோன இந்திய மாணவர்கள் 633 பேர். நோய், விபத்து என எல்லாக் காரணங்களும் சேர்ந்த எண்ணிக்கை அது. கனடாவில் மட்டும் 172 பேர்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 13 லட்சம் பேரில் பெரும்பாலானோர் நன்றாகப் படித்து முடிக்கிறார்கள். ஆனால், காய்ச்சலில் படுத்திருக்கும்போது கதவைத் தட்டிப் பார்க்க ஒருவர் இருக்கிறாரா, இல்லையா என்பது ஊரை விட்டுப் போன பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

முதல் பட்டதாரியின் சிக்கல்

பெருநகரக் குடும்பங்களில் பலவற்றுக்கு அமெரிக்காவில் ஒரு சித்தப்பாவோ, லண்டனில் ஓர் அத்தை மகளோ இருப்பார்கள். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம், எந்தக் குளிருக்கு எந்தக் கோட்டு என்பதெல்லாம் ஒரு போன் காலில் தெரிந்துவிடும்.

விழுப்புரம் மாவட்டத்தின் நிலைமை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவிகிதம். அப்போது கள்ளக்குறிச்சியையும் சேர்த்திருந்த இந்த மாவட்டத்தில் அது சுமார் 72 சதவிகிதம்தான். இங்கே வீட்டின் முதல் பட்டதாரிகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டிலிருந்து பிள்ளை வெளிநாடு போகும்போது, அந்தத் தெருவிலேயே விசா பார்த்த முதல் ஆளாகவும் அவரே இருக்கலாம். யாரிடம் கேட்பது? கையில் கிடைப்பவர் ஏஜென்ட் மட்டும்தான். பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருடைய வேலை முடிந்துவிடும். பிள்ளையின் கஷ்டமோ போய் இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

காந்திக்கே ஒரு சீனியர் தேவைப்பட்டார்

1888-ல் சட்டம் படிக்கப் பம்பாயில் கப்பல் ஏறியபோது காந்திக்கு 19 வயது நிறையவில்லை. குளிர் தொடங்கும் நேரத்தில் வெள்ளை ஃபிளானல் உடையோடு இங்கிலாந்தில் இறங்கினார். அப்படி உடுத்தியிருந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். தங்கியதோ செலவு அதிகமான ஹோட்டலில்.

அவருடைய தந்தியைப் பார்த்துவிட்டு அன்று மாலையே தேடி வந்தார் பிராண்ஜீவன் மேத்தா. ஏற்கெனவே அங்கே இருந்த குஜராத்திக்காரர், வயதில் மூத்தவர். பேச்சுவாக்கில் மேத்தாவின் தொப்பியை எடுத்து, அதன் ரோமத்தைத் தப்பான பக்கமாகத் தடவிவிட்டார் காந்தி. அதிலிருந்தே பாடம் ஆரம்பித்தது. மற்றவர் பொருளைத் தொடக் கூடாது, பார்த்தவுடன் சொந்த விஷயங்களை விசாரிக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, ஹோட்டலில் தங்கினால் காசு கரைந்துவிடும், ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழக வேண்டும்... இன்று சீனியர்கள் வாட்ஸ்அப்பில் சொல்லும் அறிவுரைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வாங்கிய உதவியைக் காந்தி தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பின்னர் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, லண்டனுக்குப் படிக்கப் போகும் இந்தியர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். எவ்வளவு செலவாகும், என்ன உடுத்துவது, சைவ உணவுக்கு என்ன செய்வது என்று காசுக் கணக்கோடு எழுதிய கையேடு அது.

லண்டனில் ஒரு சேலத்துக்காரர்

தனி மனிதர் செய்த உதவியை ஓர் அமைப்பாக மாற்றியவர்களில் ஒரு தமிழரும் உண்டு. சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி.பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ-வின் தேசியப் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர்.

அந்தக் காலத்து லண்டனில், இந்திய மாணவர்களைப் பார்த்ததும் அறை இல்லை என்று கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. பிரிட்டிஷ் அரசும் 1910-ல் குரோம்வெல் சாலை 21-ம் எண் கட்டடத்தில் இந்திய மாணவர்களுக்கான இல்லத்தையும் தகவல் மையத்தையும் ஏற்பாடு செய்திருந்தது. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டுதான் கர்சன் வில்லி என்ற அதிகாரியை மதன்லால் திங்ரா என்ற இந்திய மாணவர் லண்டனில் சுட்டுக் கொன்றிருந்தார். உதவி என்ற பெயரில் வேவு பார்க்கிறார்களோ என்று மாணவர்கள் அந்த இடத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

1920-ல் கே.டி.பால் முயற்சியில் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தொடங்கின. இந்தியர்களே நடத்திய இடம். நம் சாப்பாடு, நம் பேச்சு, புதிதாக வந்தவருக்குப் பழையவர் சொல்லித்தரும் வழக்கம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் விடுதிக் கட்டடம் போனது. 1953-ல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இந்தியன் ஒய்.எம்.சி.ஏ என்று லண்டன் போகும் மாணவர்கள் இன்றும் தேடிப்போகும் இடம் அதுதான்.

மேலே இருந்து நீட்டிய கையைப் பிடிக்கத் தயங்கிய மாணவர்கள், பக்கத்திலிருந்து நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்கள். 100 ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகளின் மனது அப்படித்தான் இருக்கிறது. பேராசிரியரிடமும் தூதரகத்திடமும் சொல்லத் தயங்குவதை, பக்கத்து அறை அக்காவிடம் சொல்லிவிடுவார்கள்.

பதுங்கு அறையில் பகிர்ந்த சோறு

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபோது, இந்தத் துணையின் மதிப்பைத் தமிழகமே டி.வி-யில் பார்த்தது. மருத்துவம் படிக்கப் போயிருந்த பிள்ளைகள் கார்கிவ், சுமி நகரங்களின் பதுங்கு அறைகளிலும் மெட்ரோ ரயில் நிலையங்களிலும் முடங்கினார்கள். இருந்த அரிசியைப் பங்குபோட்டுச் சமைத்தார்கள். சுமியில் குடிநீர் இல்லாமல் பனியை உருக்கிய மாணவர்களும் உண்டு. மார்ச் 2-ம் தேதி கார்கிவை விட்டு உடனே வெளியேறச் சொல்லி இந்தியத் தூதரகம் அறிவித்தபோது, குண்டுச் சத்தத்துக்கு நடுவே கூட்டம் கூட்டமாக நடந்தே கிளம்பினார்கள். யாரும் விட்டுப்போய்விடக் கூடாது என்று தலை எண்ணிப் பார்த்து ஜூனியர்களை அழைத்துப்போன சீனியர்கள் அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய நாள், கார்கிவில் உணவு வாங்குவதற்காகக் கடை வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார்.

மத்திய அரசின் 'ஆபரேஷன் கங்கா' 90 விமானங்களை இயக்கியது. தமிழக அரசும் தன் மாணவர்களை அழைத்துவர குழு அமைத்தது. ஆனால், அந்த விமானங்கள் காத்திருந்ததோ உக்ரைனின் எல்லைக்கு அப்பால், பக்கத்து நாடுகளில். அந்த எல்லை வரைக்கும் பல மாணவர்களுக்குத் துணை, கூடப் படித்தவர்கள்தான்.

அதிகாலை 3:30 மணிக்கு அம்மாவை எழுப்புவதா?

போர் எல்லா இடத்திலும் வருவதில்லை. தனிமை எல்லா இடத்திலும் வரும். டிசம்பர் மாதம் பெர்லினில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இரவு 11 மணிக்கு மனசு பாரமாகி, வீட்டில் பேசலாம் என்று போனை எடுத்தால், விழுப்புரத்தில் அதிகாலை 3:30. அம்மாவை எழுப்பிப் பதறவைக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. 'சாப்டேன்மா, நல்லா இருக்கேன்' என்ற மெசேஜோடு முடிந்துவிடும்.

இந்த நேரத்துக்காகவே பிரிட்டனில் மாணவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 1970-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'நைட்லைன்', இரவு முழுக்க மாணவர்களே எடுத்துப் பேசும் தொலைபேசிச் சேவை. பிறகு வேறு பல்கலைக்கழகங்களுக்கும் நாடுகளுக்கும் பரவியது. பேர் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் அறிவுரை சொல்ல மாட்டார், திட்ட மாட்டார், காதுகொடுத்துக் கேட்பார். அதற்கென்று பயிற்சி எடுத்த தன்னார்வலர்கள் அவர்கள்.

ஐரோப்பாவில் 1989-ல் உருவான எராஸ்மஸ் ஸ்டூடன்ட் நெட்வொர்க், புதிதாக வரும் மாணவருக்கு அங்கேயே படிக்கும் ஒரு மாணவரைத் துணையாகச் சேர்த்துவைக்கிறது. 'படி' என்று அவர்களைச் சொல்கிறார்கள், தோழர் என்று அர்த்தம். பல பல்கலைக்கழகங்களும் இதே வசதியைத் தருகின்றன. கட்டணம் இல்லாத இந்த வசதிக்கு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பிக்க முடியும். கல்லூரி அனுப்பும் மின்னஞ்சல்களைக் கடைசி வரை படிக்காததால் தவறவிடுபவர்கள் அநேகம்.

கனடாவின் பிராம்ப்டன் நகரில், பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த மாணவர்களும் தொழிலாளர்களும் 2021-ல் 'நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க்' என்று ஒன்றுசேர்ந்தார்கள். பகுதி நேர வேலை பார்த்துவிட்டுச் சம்பளம் கிடைக்காமல் தவித்தவர்களுக்காக, முதலாளிகளின் வாசலில் கூட்டமாகப் போய் நின்று நிலுவையைக் கேட்டார்கள். தனியாகக் கேட்டால் விசா பயம். கூடிக் கேட்டபோது குரல் வந்தது.

போவதற்கு முன்பே கைபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ராஜு கேந்திரே தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுகிறது. அவரே உதவித்தொகையில் லண்டன் போய்ப் படித்தவர்.

சீனியர் சொன்னால் எல்லாம் சரியா?

இல்லை. இங்கேதான் பெற்றோரும் பிள்ளைகளும் கவனமாக இருக்க வேண்டும்.

* சீனியர் என்று சொல்லிக்கொள்ளும் எல்லோரும் சீனியர் இல்லை. கமிஷனுக்காகப் பேசுபவர்களும் உண்டு. ஒரே ஆளை நம்பாமல், இரண்டு மூன்று மாணவர்களிடம் தனித்தனியாக விசாரியுங்கள்.
* வீட்டை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். தெரிந்த மாணவர் ஒருவர் போய்ப் பார்த்துச் சொன்னால் பாதி ஏமாற்று வேலை அங்கேயே நின்றுவிடும்.
* வேலை நேரத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம். 'நாங்க எல்லாம் கூடத்தான் பாக்குறோம்' என்று யார் சொன்னாலும், மாட்டினால் போவது உங்கள் பிள்ளையின் விசா.
* பல நாள் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், நண்பர் மட்டும் போதாது. கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் கூடவே அழைத்துப் போவதுதான் நண்பர் செய்ய வேண்டிய வேலை.

கிளம்பும் முன் ஒரு மாதம்

ஜெர்மனிக்குப் போகிறவர் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ வங்கியில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து இருக்கும் கணக்கு. அந்தப் பணத்துக்காக நிலப் பத்திரத்தையும் நகையையும் தேடும் அக்கறையில் கொஞ்சம், மனிதர்களைத் தேடுவதற்கும் வேண்டும்.

பிள்ளை சேரும் கல்லூரியில் தமிழ் மாணவர் சங்கமோ இந்திய மாணவர் சங்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். படித்த பள்ளி, கல்லூரி ஆசிரியர்களிடம் கேளுங்கள். அந்த நாட்டுக்கு முன்னால் போனவர் யாரென்று அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். இறங்கும் நாளில் நேரில் வரக்கூடியவர் ஒருவர், அவசரத்துக்குப் பேசக்கூடியவர் ஒருவர் என இரண்டு எண்கள் வீட்டு காலண்டரிலும் எழுதியிருக்கட்டும். கூடவே அந்த நாட்டு அவசர எண்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்கா, கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999.

போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டில் சிக்கல் என்றால் புகார் தர, மத்திய அரசின் 'மதத்' இணையதளம் 2015 முதல் இருக்கிறது. தமிழக அரசில் அயலகத் தமிழர்களுக்கென்றே தனி ஆணையரகமும் நல வாரியமும் உள்ளன.

இன்னொரு வேலையும் இருக்கிறது. லீவுக்கு ஊர் வரும் பிள்ளைகள், விருந்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு மாலை நேரத்தை ஒதுக்கலாம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, அடுத்துக் கிளம்ப இருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். எந்தக் கோட்டு வாங்குவது, முதல் மாதம் எவ்வளவு செலவாகும், எந்தப் பேராசிரியரிடம் எப்படி மின்னஞ்சல் எழுதுவது, அழுகை வந்தால் என்ன செய்வது? இதற்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம், காசும் வேண்டாம்.

பெட்டியில் வைக்கும் பருப்புப்பொடி இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். 'அண்ணா, நான் திண்டிவனம்' என்று சொன்னதும் 'எந்தத் தெருப்பா?' என்று கேட்கும் ஒரு குரல் அங்கே இருந்தால், அது படிப்பு முடியும் வரை கூட வரும்.