கதிரவன் தரும் ஆற்றல்: பயனும் குறையும்

திண்டுக்கல் சமவெளியில் வெயிலுக்குக் குறைவில்லை, குறைவெல்லாம் தண்ணீருக்குத்தான். ஆகவே சூரிய சக்தியைப் பயன்படுத்த விரும்பும் உழவர் பெருமக்கள், அதனால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. கிணற்று நீருக்கும் நிலத்துக்கும் அதனால் என்ன நேரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கான பாடம் திண்டுக்கல் நகரைச் சேர்ந்த பேகம்பூரிலேயே உள்ளது.

பேகம்பூர் காட்டும் பாடம்

பேகம்பூர்ப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு இடுவார்கள். பதனிடும் முன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரில் கரைந்துவிடுகிறது. இந்நீர் நிலத்தில் இறங்கினால் கிணறு உவராகும். அந்தக் கிணற்று நீர் பாயும் நிலமும் நாளடைவில் கெடும். தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பு வழங்கியது. திண்டுக்கல் மாவட்ட ஆலைகளும் அத்தீர்ப்பில் அடங்கும்.

உப்பு நீரை மற்றக் கழிவு நீரோடு கலக்காமல் தனியே பிரித்து, நீர் கசியாத ஆழமற்ற தொட்டிகளில் தேக்கி, வெயிலில் வற்ற விடுவது இத்தொழிலில் கையாளப்படும் ஒரு முறையாகும். இதற்கு விறகோ மின்சாரமோ தேவையில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதும் இதுவே. ஆனால் சூரியன் தண்ணீரை மட்டுமே எடுத்துச் செல்கிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தோல் கழிவு கலந்த அந்த உப்பு உணவுக்கு உதவாது. தொட்டியின் அடித்தளம் விரிசல் விட்டாலும், ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்தாலும் பக்கத்துக் கிணறுதான் பாழாகும்.

வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது செய்யும் வேலையின் விளைவுக்கு நாமே பொறுப்பு. சோலார் மோட்டாருக்கும் இது பொருந்தும்.

சோலார் மோட்டாரின் நன்மைகள்

1 கிலோவாட் மின்தகடு அமைக்க நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி தேவை. நல்ல வெயில் நாளில் அது 4 முதல் 5 யூனிட் மின்சாரம் தரும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 4.8 கிலோவாட் தகடுகள் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 யூனிட் எதிர்பார்க்கலாம். டீசல் செலவு இல்லை. மின் இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, பாம்புக்கு அஞ்சியபடி வயலுக்குப் போக வேண்டியதில்லை. தகடுகளைப் பராமரித்து வந்தால் 25 ஆண்டுகள் வரை உழைக்கும்.

மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் சோலார் மோட்டார்கள் மானியத்தில் அமைத்துத் தரப்பட்டு வருகின்றன.

கிணற்றின் ஆழத்தைக் கணக்கிடுங்கள்

மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனுடன் இயங்குவதாகக் கொள்வோம். 1 யூனிட் மின்சாரம் 50 அடி ஆழத்திலிருந்து சுமார் 9,600 லிட்டர் நீரை இறைக்கும். 300 அடி ஆழத்திலிருந்து என்றால் சுமார் 1,600 லிட்டர்தான் இறைக்கும். ஆழம் ஆறு மடங்கானால் நீர் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது.

இதன்படி 20 யூனிட் மின்சாரத்தில் 300 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 32,000 லிட்டர் கிடைக்கும். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்ட 2 இலட்சம் லிட்டர் தேவை. அதற்கு ஆறு நாட்களுக்கு மேல் ஆகும். அதே நீரைச் சொட்டு நீர்ப் பாசனத்தில், நாளொன்றுக்கு 4 மி.மீ. வீதம் கொடுத்தால் 2 ஏக்கர் காய்கறிப் பயிருக்குப் போதும். ஆகவே ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் சொட்டு நீர்ப் பாசனம் இல்லாமல் சோலார் மோட்டார் அமைப்பதால் அதிகப் பயன் இல்லை.

கிணற்றில் நீர் மேலாக இருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. செலவில்லாமல் ஓடுகிறதே என்று பொழுது சாயும் வரை மோட்டாரை ஓட விட்டால், மழை சேர்த்து வைத்த நீர் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பயிருக்குத் தேவையான நீர் பாய்ந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அதற்கேற்ற கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், மிஞ்சும் மின்சாரத்தில் தீவனம் வெட்டும் இயந்திரத்தையும் மாவு அரவை இயந்திரத்தையும் இயக்கலாம்.

மற்றக் குறைகள்

மின்தகட்டுக்கு வேண்டியது ஒளியே தவிர வெப்பம் அன்று. தகட்டின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் உயரும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். கோடையில் தகடு 60 டிகிரி வரை சூடேறினால் 14 சதவீதம் இழப்பாகும். எனவே தகட்டின் அடியில் காற்றோட்டம் இருக்க வேண்டும். ஒரு தகட்டின் மூலையில் தென்னை நிழல் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். தூசியைக் காலை வேளையில் மெல்லிய துணியால் கழுவித் துடைக்க வேண்டும். உவர் நீரால் கழுவினால் கண்ணாடியில் வெண்படலம் படியும். மழை நீரைச் சேமித்துப் பயன்படுத்துவது நல்லது.

இரவில் மின்சாரம் வேண்டுமானால் பேட்டரி தேவை. ஈய அமிலப் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரிடும். பாசனத்துக்குப் பேட்டரியைவிட மேல்நிலைத் தொட்டியே சிக்கனமானது. பகலில் நீரை ஏற்றி வைத்து, வேண்டும்போது திறந்துவிடலாம். பழுதான தகடுகளை வரப்பில் எறியக் கூடாது. 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் சூரிய மின்தகடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

பலர் அறியாத பயன்கள்

சூரிய சக்தி என்றால் மின்தகடு மட்டுமே என்று எண்ண வேண்டாம். மிகக் குறைந்த செலவில் வெயிலைப் பயன்படுத்தும் முறைகளும் உள்ளன.

1. நாற்றங்கால் மண்ணுக்கு வெப்பமூட்டுதல்: இம்முறையை இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சித்திரை, வைகாசி மாதங்களில் நாற்றங்கால் பாத்தியைச் சமன் செய்து நீர் பாய்ச்சி, 0.05 மி.மீ. தடிமனுள்ள, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைக்க வேண்டும். கறுப்புத் தாள் இதற்கு ஏற்றதன்று. 4 முதல் 6 வாரங்களில் நாற்றழுகல் பூஞ்சாணம், நூற்புழு, களை விதைகள் ஆகியவை பெரும்பாலும் குறையும். கோரையை இம்முறையில் முழுவதும் ஒழிக்க இயலாது. தாளை நீக்கிய பின் மண்ணை ஆழமாகக் கிளறக் கூடாது.

2. பயறு வண்டைக் கொல்லுதல்: உணவுக்கு வைத்துள்ள பயறைக் கறுப்புத் தாளின்மேல் மெல்லியதாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் தாளால் மூடி, உச்சி வெயிலில் வைக்க வேண்டும். 57 டிகிரி வெப்பம் ஒரு மணி நேரம் நிலைத்தால் வண்டும் உள்ளிருக்கும் புழுவும் மடியும். ஆறிய பின் காற்றுப் புகாத கலத்தில் சேமிக்கலாம். விதைக்கு வைத்துள்ள பயறை இவ்வாறு செய்ய வேண்டாம்.

3. உலர்த்துதல்: முருங்கைக் கீரையை நேர் வெயிலில் காயவைத்தால் நிறமும் வைட்டமின் ஏ சத்தும் குறையும். வெயிலில் சூடான காற்றை மட்டும் உள்ளே செலுத்தும் சூரிய உலர்த்தியில் நிழலிலேயே காய்வதால் பச்சை நிறம் மாறாது. தூசியும் ஈயும் அண்டாது.

4. உவர் நீரை நன்னீராக்குதல்: கறுப்புப் பூசிய ஆழமற்ற தொட்டியில் உவர் நீரை ஊற்றி, சாய்வான கண்ணாடியால் மூடினால், ஆவி கண்ணாடியில் குளிர்ந்து நன்னீராக வழியும். ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் கிடைக்கும். சிலி நாட்டில் 1872ஆம் ஆண்டிலேயே சுரங்கத் தொழிலாளர்களுக்காக இத்தகைய பெரிய அமைப்பு நிறுவப்பட்டது. பேட்டரிக்கு ஊற்ற இந்நீர் உதவும். குடிக்கப் பயன்படுத்தும் முன் பரிசோதிக்க வேண்டும். பாசனத்துக்கு இது கட்டுப்படியாகாது. கெட்டுப்போன ஒரு கிணற்றைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

வாங்கும் முன்

கிணற்றின் நீர்மட்டத்தைக் கோடையில் அளந்து பாருங்கள். கிணற்று நீரை மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்யுங்கள். பயிரின் நீர்த் தேவையைக் கணக்கிட்ட பிறகே மோட்டாரின் திறனை முடிவு செய்யுங்கள். மானியம் மற்றும் விண்ணப்ப விவரங்களை உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். வெயில் நாளையும் வரும். வற்றிய நீரும் உவரான நீரும் எளிதில் திரும்பா. இதை மனத்தில் கொண்டு, கதிரவன் தரும் ஆற்றலை அளவறிந்து பயன்படுத்தி உழவர் பெருமக்கள் நலம் பெற வேண்டுகிறோம்.