குண்டு எங்கே போய் நிற்கிறது?

துப்பாக்கி என்றவுடன் குறி பார்த்தல், சுடுதல், வீழ்த்துதல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. குறி வீழ்ந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. ஆனால் பிரிட்டனின் நாட்டுப்புறங்களில் ரைபிள் துப்பாக்கியைக் கையாள்பவர்கள் முதலில் கற்கும் பாடம் வேறு. 'குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு எங்கே போய் நிற்கும்?' என்பதே அப்பாடம். அந்நாட்டு வேட்டை முறை, அதற்குரிய சட்டம், ஈயக் குண்டுகளைப் பற்றி அங்கே எழுந்த விவாதம் ஆகிய மூன்றும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன என்பது என் கருத்து. அதனை இங்கே விளக்க விரும்புகிறேன்.

அங்கே வேட்டைக்கு வழங்கும் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று ஷாட்கன், பறவைகளைச் சுடுவதற்கு உரியது. அதன் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் விரிந்து பரந்து செல்லும். மிகுதியாக வழங்குவது '12 போர்' என்னும் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே அக்குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். சிறு குண்டுகளைக் காற்று எளிதில் தடுத்துவிடும். 40 கஜத்துக்கு அப்பால் அவற்றை நம்பிப் பறவையைச் சுடுவது அரிது. சில நூறு கஜத்துக்குள் அவை வலுவிழந்து தரையில் விழுந்துவிடும். ஆகஸ்டு 12 முதல் டிசம்பர் 10 வரை நடைபெறும் கிரவுஸ் என்னும் பறவையின் வேட்டையில், தக்க எச்சரிக்கையுடன் வானத்தை நோக்கிச் சுட முடிவது இதனால்தான்.

மற்றொன்று ரைபிள். இதன் குழலின் உட்சுவரில் திருகாணியின் மரையைப் போலச் சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்றபடியே வெளிவருகிறது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் வரிகள் அமைந்த குழலிலிருந்து விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் ஒரு குண்டு புறப்பட்டால், அது விநாடிக்கு 2,600 தடவைக்கு மேல் சுழலும். சுழலாத பம்பரம் சாய்ந்து விழுகிறது. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. குண்டும் அவ்வாறே தடுமாறாமல் முனையை முன்னே நீட்டியபடி நெடுந்தூரம் செல்கிறது.

இச்சுழற்சியின் நன்மையை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் முன்னோடி பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். தொங்கவிட்ட கனமான மரக்கட்டையின்மீது குண்டைப் பாய்ச்சி, அக்கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை அவர் 1742-இல் வெளியிட்டார். காற்றின் தடை அக்காலத்தவர் எண்ணியதைவிட மிகப் பெரிது என்பதையும் காட்டினார். 1747-இல் வரிக்குழலின் சிறப்பைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பணியேற்று இந்தியாவுக்கு வந்த அவர், 1751-இல் நம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார். அவர் சுட்டிய வழி வளர்ந்து நூறாண்டு கழிந்தபின், 1860-இல் விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா அரசியார் தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளால் அவர் சுட்ட குண்டு, 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவிடத்தை ஒட்டியே பதிந்தது. 1890-இல் அப்போட்டிகள் சர்ரே மாவட்டத்திலுள்ள பிஸ்லிக்கு மாறின. இன்றும் அங்கேயே நடைபெறுகின்றன.

இனித் தோட்டாவைப் பார்ப்போம். ரைபிள் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: பித்தளைக் கூடு, அதன் அடியில் சிறிது எரிமருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்தவுடன் ஊசி அடிக்கிறது, எரிமருந்து பற்றுகிறது, அதனால் வெடிமருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒன்றை நினைவு கூர வேண்டும். குண்டின் எடை இருமடங்கானால் அதன் ஆற்றலும் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். முயலைச் சுடப் பயன்படும் .22 ரைபிளின் குண்டு 2.6 கிராம் எடையுள்ளது. விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல். மானைச் சுடப் பயன்படும் .243 ரைபிளின் குண்டு 6.5 கிராம்; விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றலோ 2,600 ஜூலுக்கு மேல். எடை இரண்டரை மடங்குதான். ஆற்றல் பதினெட்டு மடங்கு.

ஆற்றல் எவ்வளவாயினும் புவியீர்ப்பு குண்டை விட்டுவைப்பதில்லை. மான் ரைபிளின் குண்டு 100 மீட்டரைக் கடக்க விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று குறைந்த நேரமே ஆகிறது. அதற்குள் 7 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. 200 மீட்டரில் அது ஓர் அடி தாழ்கிறது. ஆகவே வேட்டைக்குமுன் அட்டை இலக்கில் சுட்டுப் பார்த்துக் குறிக்கருவியைத் திருத்திக்கொள்ளுதல் கட்டாயம்.

ஆயினும் தாழ்ந்து தாழ்ந்து தரையைத் தொடும்வரை குண்டு ஓய்வதில்லை. சிறிய .22 குண்டுகூடச் சற்று உயர்த்திச் சுட்டால் ஒரு மைலுக்கு மேல் செல்லும். மான் ரைபிளின் குண்டு அதைவிட மிகுந்த தூரம் செல்லும். மானைத் துளைத்தபின்பும் அது பெரும்பாலும் வெளியேறி அப்பால் பாயும். பிரிட்டனோ நெருங்கிய நாடு. வேலிக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை, அதற்கப்பால் பண்ணைவீடு, அதற்கப்பால் சாலை. இந்நிலையில் மானுக்குப் பின்னே இருப்பது மானைவிட முக்கியமாகிவிடுகிறது.

ஆகவே குண்டைத் தாங்கும் மண்மேடோ மலைச்சரிவோ பின்னே இல்லாவிடில் சுடுதல் கூடாது என்பது அவர்கள் விதி. குன்றின் உச்சியில் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் மானைச் சுடவே கூடாது. சமவெளிக் காடுகளில் ஏணி வைத்த உயர்ந்த இருக்கைகளை அமைத்து, அங்கிருந்து கீழ்நோக்கிச் சுடுவார்கள். தவறிய குண்டும் மண்ணிலேயே புதையும். கல், நீர், உறைந்த நிலம் ஆகியவற்றில் பட்டால் குண்டு தெறித்துத் திசைமாறும், மெல்லச் செல்லும்.22 குண்டு இவ்வாறு தெறிப்பதில் பேர்போனது. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில், காற்றின் திசையறிந்து, ஹெதர் புதர்களிடையே ஈர மண்ணில் மணிக்கணக்கில் ஊர்ந்து சென்ற வேட்டைக்காரர், கடைசி நொடியில் மானுக்குப் பின்னே வெறும் வானம் தெரிந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும். வெறுங்கையோடு திரும்புவதை அங்கே யாரும் இழிவாகக் கருதுவதில்லை.

மானைச் சுடுவது ஏன் என்று கேட்பது நியாயமே. அத்தீவில் ஓநாய் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிற்று. மான்களை அடக்கும் இயற்கைப் பகை இல்லாமையால் அவை பெருகி இளமரக் கன்றுகளைத் தின்றுவிடுகின்றன, காடு புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால் சுடுவது தேவை என்பாரும், விளையாட்டுக்காக உயிரைக் கொல்வது தகாது என்பாரும் அந்நாட்டிலேயே உண்டு. சட்டம் ஒரு நடுவழியைக் காண முயன்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி, பெரிய மான்களைச் சுடும் ரைபிளின் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழல்வாயில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 2,300 ஜூலுக்குக் குறையக் கூடாது. உள்ளே பட்டதும் விரியும் முனையுள்ள குண்டே வேண்டும். வலிமை குன்றிய குண்டு மானைக் கொல்லாமல் புண்படுத்தி ஓடவிடும் என்பதே இதன் காரணம்.

மனிதரைக் காக்கும் விதிகள் இன்னும் கடுமையானவை. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரைபிள் வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் அதில் குறிக்கப்படும். புதிதாகச் சான்றிதழ் பெறுபவர், அந்தத் துப்பாக்கிக்கு ஏற்றதெனக் காவல்துறை ஒப்புக்கொண்ட நிலத்தில் மட்டுமே சுட அனுமதிக்கப்படுவதும் உண்டு. 1987-இல் ஹங்கர்ஃபோர்டிலும் 1996-இல் டன்பிளேன் பள்ளியிலும் நிகழ்ந்த கொடிய கொலைகளுக்குப் பின் சட்டம் மேலும் இறுகியது. தானே மறுதோட்டா ஏற்றும் ரைபிள்களில் .22 ஒழிந்த ஏனையவையும், கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவையும் தடை செய்யப்பட்டன.

இவ்வளவும் செய்தபின்பும் நம் கேள்வி முழுமையாகத் தீரவில்லை. மண்ணில் புதைந்த குண்டு உண்மையில் நின்றுவிட்டதா? ஈயம் நஞ்சு. பறவைகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. தரையில் கிடக்கும் ஈயக் குண்டுகளையும் அவை கல்லென்று விழுங்கி, நஞ்சேறி மடிகின்றன. மானின் உடலில் சிதறும் ஈயத் துகள்கள் இறைச்சியை உண்போரையும் அடைகின்றன. நீர்ப்பறவைகளைச் சுட ஈயச் சிறுகுண்டுகளைப் பயன்படுத்துவதை இங்கிலாந்து 1999-இலேயே தடுத்தது. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு, ஈயச் சிறுகுண்டுகளையும் வேட்டைக்குரிய பெரிய ஈயக் குண்டுகளையும் மூன்றாண்டு அவகாசத்துடன் விலக்கப் போவதாக அறிவித்தது. மாற்றாக எஃகும் செம்பும் பிஸ்மத்தும் உள்ளன. எஃகு ஈயத்தைவிட இலேசானது. ஆகவே சிறுகுண்டின் அளவைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். பழகிய துப்பாக்கியையும் பழகிய தூரத்தையும் மாற்றிக்கொள்வது எளிதன்று. எனவே எதிர்ப்பும் இருந்தது.

துப்பாக்கியை நம்மில் பெரும்பாலோர் தொடப்போவதில்லை. ஆயினும் ஆற்றல் மிக்க எந்தக் கருவிக்கும் இக்கேள்வி பொருந்தும். ஆலைக் கழிவும் பூச்சிமருந்தும் நம் கையை விட்டபின் எங்கே போய் நிற்கின்றன? கருவியைச் செய்யக் கற்பது ஒரு கல்வி. அதன் விளைவு முடியும் இடம்வரை கண்ணைச் செலுத்தக் கற்பது மற்றொரு கல்வி. இரண்டையும் மாணவர்கள் சேர்த்தே பயில வேண்டும் என்பது என் விருப்பம்.