ஒலிவாங்கியின் முன் நின்ற தமிழ்: ரி.எம். சௌந்தரராஜனின் ஒலிப்பதிவுக் கலை



காப்பியங்களையும் பக்திப் பாடல்களையும் பற்றிப் பேசிவந்த இத்தொடரிலே, இன்று ஒரு திரைப்படப் பாடகரைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். ‘இலக்கிய நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டுக்கு என்ன வேலை?’ என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு சிறு தலைகுனிவு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முதன்முதலாக ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றினுள் நுழைந்தது பத்து நிமிட இலக்கிய உரை ஒன்றுக்காக. வகுப்பறையின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் என்னுடையது. அந்தத் துணிவிலே உரையைப் படித்து முடித்தேன். ஒலிப்பதிவாளர் அதனை மீண்டும் போட்டுக் காட்டினார். ‘ப’ வரும் இடமெல்லாம் யாரோ பறை அடிப்பது போன்ற வெடிப்பு. வசனத்துக்கு வசனம் கொல்லன் துருத்தி போல மூச்சு. வசனங்களின் கடைசிச் சொற்களோ கிணற்றில் விழுந்த கல்லாயின. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சேர், மைக் உங்கட வகுப்புப் பெடியன் இல்லை. அதுக்குக் காது நல்லாக் கேக்கும். வீட்டை போய் ரி.எம்.எஸ். பாட்டு ஒண்டைப் போட்டு, அந்த மனுசன் எங்கை மூச்சு எடுக்கிறார் எண்டு கண்டுபிடிச்சுக்கொண்டு வாங்கோ.”

அன்றிரவு கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தேடலின் பயனே இன்றைய உரை.

ரி.எம்.எஸ். குரல் எனக்குப் புதியதன்று. 1990களில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தவன் நான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னிலே வானொலி கேட்டோம். சுற்றுபவன் களைத்தால் ஒலி தேயும்; அலைவரிசை இரையும். அத்தனை இரைச்சலுக்குள்ளும் சில பாடகர்களின் குரல் கேட்கும், சொல் கேட்காது. ரி.எம்.எஸ். பாடினால் மட்டும் சொல் முழுதாக வந்து சேரும். ‘கணீரென்ற குரல்’ என்று பெரியவர்கள் அதற்குக் காரணம் சொன்னார்கள். குரல் மட்டுமே காரணமன்று, அதற்குப் பின்னால் ஒரு பயிற்சி உண்டு என்பதை நான் உணர முப்பது ஆண்டுகள் சென்றன.

மதுரையிலே சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர் சௌந்தரராஜன். காரைக்குடி இராஜாமணி ஐயங்காரிடம் கர்நாடக இசை பயின்றவர். தொடக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் சாயலிற் பாடியே அறிமுகமானார். அவர் பாடிய முதற் படமான ‘கிருஷ்ண விஜயம்’ 1950இல் வெளிவந்தது. 1954இல் ‘தூக்குத் தூக்கி’ சிவாஜி கணேசனுக்கும், ‘மலைக்கள்ளன்’ எம்.ஜி.ஆருக்கும் அவரைக் குரலாக்கின. 2003இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2013 மே 25ஆம் நாள் சென்னையிற் காலமானார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும். இனி ஒலிப்பதிவுக் கூடத்தினுள்ளே செல்வோம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவுகூருங்கள். மாதவி ஆடுவதற்கு முன்னர் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாளன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகின்றார். அத்தனை பேரும் ஒருங்கிசைந்தாலன்றி அரங்கேற்றம் இல்லை. 1950களிலும் 1960களிலும் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்கள் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தன. வயலின்காரர்கள், குழல்காரர், தபேலாக்காரர், இசையமைப்பாளர், பாடகர் யாவரும் ஒரே வேளையில் ஒரே மண்டபத்திற் கூடியிருப்பர். ஒருமுறை தொடங்கினால் பாட்டு முடியும்வரை நிறுத்தமில்லை. மூன்றாம் சரணத்திலே பாடகரின் நாக்கு இடறினால், அதுவரை பிழையின்றி வாசித்த அத்தனை பேரும் மீண்டும் பல்லவியிலிருந்து தொடங்கவேண்டும். ஒருவருடைய கவனக்குறைவு முப்பது பேரின் உழைப்பை வீணாக்கும் என்றால், பாடகர் எத்தகைய ஆயத்தத்துடன் வந்திருக்கவேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். பல்லவியும் சரணங்களும் இடையிசையும் அதற்குள் அடங்கவேண்டும். கச்சேரியிலே ஓர் ஆவர்த்தனம் தவறினால் அடுத்ததிற் சரிசெய்யலாம். இங்கே அடுத்த ஆவர்த்தனம் என்பதே கிடையாது.

இந்தச் சூழ்நிலையில் அவர் கையாண்ட நுட்பங்களை மூன்றாக வகுக்கலாம் என்பது என் கருத்து. முதலாவது தூரம்; இரண்டாவது மூச்சு; மூன்றாவது சொல்.

தூரம் என்பது வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயுள்ள இடைவெளி. பௌதிகம் கற்ற மாணவர் அறிவர்: திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, ஒலிவாங்கியின் முன் ஆறு அங்குலத்தில் நின்றவர் பன்னிரண்டு அங்குலத்துக்கு நகர்ந்தாலே பெரிய வேறுபாடு தெரியும். மேடைப் பாடகர் உச்சத்தில் முழுக் குரலையும் திறந்துவிடலாம். கூடத்திலே அப்படிச் செய்தால் ஒலி சிதறிப்போகும். அதற்கு அஞ்சிக் குரலை அடக்கினாலோ பாட்டின் உணர்ச்சி அடங்கிவிடும். உச்சம் வரும்போது தலையைச் சற்றே பின்வாங்கியும், மெல்லிய இடத்தில் நெருங்கியும், வல்லோசை வரும்போது முகத்தை இம்மியளவு திருப்பியும் பாடுவது கூடத்துப் பாடகர்கள் கற்றுக்கொள்ளும் வித்தை. ரி.எம்.எஸ். மேற்றாயியிலும் குரலை மெலிவிக்காமற் பாடுபவர். அத்தகைய வலிய குரல் பதிவிலே சிதறாமல் நிற்கின்றது எனில், அவர் நிற்கும் இடத்தையும் நன்கறிந்து பாடினார் என்பதே பொருள். என் ‘ப’ பறையடித்ததற்கும் விடை இதிலேயே உண்டு. இதழ் குவிந்து திறக்கும்போது வெளிவரும் காற்று ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டை நேராக மோதுகின்றது. அந்தக் காற்றை ஓரமாகச் செலுத்திவிட்டால் எழுத்து மட்டுமே பதியும்.

அடுத்தது மூச்சு. அன்றிரவு நான் தேடித் தோற்ற இடம் இது. பின்னர் பலமுறை கேட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது. அவர் மூச்சை ஒளிப்பதில்லை. பொருள் முடியும் இடத்திலே எடுக்கின்றார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே, பெயரடைக்கும் பெயருக்கும் இடையே அவர் பாட்டு உடைவதில்லை. நமது காது பொருளைப் பின்தொடர்ந்து செல்வதால், பொருள் நிறையும் இடத்தில் வரும் இடைவெளியை மூச்சு என்று உணர்வதேயில்லை. இலக்கணத்தில் நாம் சொற்றொடரைப் பிரிக்கும் இடமும், அவர் மூச்சைப் பிரிக்கும் இடமும் ஒன்றாயிருக்கக் கண்டு வியந்தேன்.

மூன்றாவது சொல். எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்குகின்றார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவர் கூற்று. ஆக எட்டு இடங்கள். வகுப்பிலே இதனைக் கரும்பலகையில் எழுதிப்போடுகின்றோம். மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். ஆனால் ‘மழை’யை ‘மளை’ என்று வாசிக்கின்றனர். நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டிய இடத்தில் வருடாமலே விடுகின்றனர். எழுதத் தெரிந்த இலக்கணம் நாவுக்குத் தெரியவில்லை.

1964இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் ரி.எம்.எஸ். தாமே அருணகிரியாராக நடித்துத் திருப்புகழ் பாடினார். அருணகிரியார் முதலிற் பாடியதெனப் போற்றப்படும் திருப்புகழ் அதில் இடம்பெறுகின்றது. வல்லின ஒற்றுகள் அடுக்கடுக்காக வந்து விழும் சந்தம் அது. மெதுவாக வாசிக்கவே நா தடுமாறும். அவர் அதனை விரைந்த கதியில் பாடும்போதும் ஓர் ஒற்றும் மறைவதில்லை. ‘ட’கரமும் ‘த’கரமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்த அரை மாத்திரையைக் காதாற் கேட்கவேண்டுமாயின் இப்பதிவைக் கேளுங்கள். இன்னொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவருடைய வீட்டுமொழி சௌராஷ்டிரம். ஆகவே அவர் தமிழொலி தாய்ப்பாலோடு தானாக வந்த ஒன்றெனச் சொல்லிவிட முடியாது, உழைத்துத் திருத்திக்கொண்டது. தமிழ் எங்கள் தாய்மொழி என்று பெருமை பேசும் நாங்கள் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

தூரம், மூச்சு, சொல் மூன்றும் கருவிகளே. அவற்றால் அவர் அடைந்த பயன் யாது? தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு கூறினார். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலிலே தோன்றுதல். பின்னணிப் பாடகருக்கோ உடல் இல்லை; திரையில் தோன்றுவது இன்னொருவருடைய முகம். அந்த முகத்துக்குரிய மெய்ப்பாட்டைக் குரலாலேயே படைத்துக் கொடுக்கவேண்டும். சிவாஜிக்கு முதலிற் பாடிவந்தவர்களுள் ஒருவர் ‘பராசக்தி’யிற் பாடிய சி.எஸ். ஜெயராமன். அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவர், சிவாஜி பேசும் வசனத்தின் கனத்தையும் ஏற்ற இறக்கத்தையும் பாட்டினுள் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடுகையில் அதே குரல் கூர்மையும் துள்ளலும் கொள்கின்றது. மூக்கொலியின் சாயல் சற்று ஏறுகின்றது. படத்தைப் பாராமல் வானொலியில் மட்டும் கேட்ட எம்மவர், ‘இது சிவாஜி பாட்டு’, ‘இது எம்.ஜி.ஆர். பாட்டு’ என்று பந்தயம் பிடித்து வென்றது இதனாலேயே.

1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில், இறைவன் விறகுவெட்டியாக வந்து பாடும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன்னர் ஏமநாத பாகவதருக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிவிடுகிறார். அத்தகைய பெருவித்துவானின் பாட்டை அடுத்து, அதனை வெல்லும் பாட்டாகத் தோன்றவேண்டும் என்பது கதையின் கட்டாயம். கே.வி. மகாதேவன் கௌரிமனோகரி இராகத்தில் அமைத்த அப்பாடலிலே ரி.எம்.எஸ். நுணுக்கத்தாற் போட்டியிட முனையவில்லை. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டைக் கையிலெடுத்தார். 1968இன் ‘உயர்ந்த மனிதன்’ படத்தில் முதிய நண்பர் இருவர் இளமையை நினைந்து ஓடியாடும் காட்சியோ வேறொரு வகை. அங்கே பேச்சும் பாட்டும் கலந்து வருகின்றன. மூச்சிரைப்பும் பாட்டின் பகுதியாகின்றது. மூச்சைப் பொருளுக்குள் மறைக்கத் தெரிந்தவர், வேண்டிய இடத்தில் அதையே பொருளாக்கிக் காட்டுகிறார்.

ஈழத்தவராகிய நமக்கு இக்குரலோடு இன்னோர் உறவும் உண்டு. மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது அவர் பாடிய ‘கற்பகவல்லி’ பாடலை எங்கள் கோயில் ஒலிபெருக்கிகளிற் கேளாதார் இலர். அதனை இயற்றியவர் சென்னைக் கலாக்ஷேத்திராவிற் பயின்ற இணுவில் வீரமணி ஐயர். ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி எனப் பகுதிதோறும் இராகம் மாற, இராகத்தின் பெயரும் அம்பாளைக் குறிக்கும் சொல்லாகப் பாட்டினுள்ளே அமைந்துவரும் இராகமாலிகை அது. அப்பெயர் வரும் இடங்களை அவர் இழுத்து அலங்கரிப்பதில்லை. தெளிவாக ஒலித்துவிட்டு நகர்கின்றார். இராகப் பெயரும் அம்பாளின் பெயரும் ஒருங்கே கேட்கின்றன. சிலேடையை விளக்க நான் வகுப்பில் அரை மணிநேரம் எடுப்பேன். அவர் அதனை ஒரு சொல்லின் ஒலிப்பிலே முடித்துவிடுகிறார்.

எல்லாப் பாட்டுக்கும் அவரே ஏற்றவர் என்று நான் கூறவரவில்லை. இதமான காதற் பாடல்களுக்கு பி.பி. ஸ்ரீநிவாஸின் மென்குரலை இசையமைப்பாளர்கள் நாடியதற்குக் காரணம் உண்டு. இன்றைய தொழினுட்பத்தைப் பழிப்பதும் என் நோக்கமன்று. வெவ்வேறு தடங்களில் தனித்தனியாகப் பதிந்து இணைக்கும் முறையினால் இசை செழித்தது என்பதை மறுக்க முடியாது. 1997இல் சுருதி திருத்தும் மென்பொருளும் வந்துவிட்டது. இறங்கிய சுருதியைக் கணினி ஏற்றிவிடும். ஆனால் ‘மளை’ என்று பாடியதை ‘மழை’ என்று ஆக்க அதனால் இயலாது. சுருதி காதின் வேலை என்றால், எழுத்து நாவின் வேலை. நா பழகாவிட்டால் மொழி ஏட்டில் மட்டுமே இருக்கும். நாங்கள் சைக்கிள் சுற்றிக் கேட்ட தமிழ், அடுத்த தலைமுறையின் வாயில் இராது.

இப்போது என் வகுப்பிலே, செய்யுளை வாசிக்குமுன் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: “இந்த அடியிலை மூச்சு எங்கை எடுப்பாய்?” அதற்கு விடை சொல்ல, அவன் பொருளைப் பிரித்தாகவேண்டும். பொருளைப் பிரித்தவன் பாதிச் செய்யுளைக் கற்றுவிட்டான். இந்தக் கேள்வியை எனக்குத் தந்தவர் அன்றைய ஒலிப்பதிவாளர்; அவருக்குத் தந்தவர் ரி.எம். சௌந்தரராஜன்.

நேயர்களே, இன்றிரவு கண்களை மூடிக்கொண்டு அவருடைய பாடல் ஒன்றைக் கேளுங்கள். குரலை ஒருபுறம் வைத்துவிட்டு, மூச்சை மட்டும் தேடுங்கள். எனக்கு அன்று கிடைக்காதது உங்களுக்கு விரைவிலேயே கிடைக்கக்கூடும்.