உங்களுக்குத் தெரியுமா? மாத்தளையின் கடல்வாசல்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் அதன் தோட்டத் தமிழரின் கதை தொடங்குவது மன்னார்க் கரையில்தான். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியேறி அங்கு வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர்கள், சட்டிபானையும் கைக்குழந்தையுமாக, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காட்டுவழியில் காலராவும் மலேரியாவும் பலரைக் கொண்டுபோயின. பெரும்பாலோருக்கு ஒரு நடுகல்கூட இல்லை என்பது பெருங்கொடுமை.

1914இல் தமிழகத்தின் தனுஷ்கோடிக்கும் மன்னாரின் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; அதோடு அந்தக் கப்பல்வழியும் முடிந்தது. இன்று தலைமன்னார் மீனவர் ஊர். பழைய இறங்குதுறை சிதைந்து கிடக்க, பக்கத்தில் மீன்படகுகள் கரையேறுகின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிடுகிறவர்கள் ஒருமுறை இந்தத் துறையையும் பார்த்துவர வேண்டும். அந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மறுபடியும் அந்த வழியே நடந்தார்கள்.