கணிப்பொறிக்குள் ஒரு துணி ரோல்: பொருளுக்கேற்ற பூதக்கண்ணாடி

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு துணி ரோல் கிடக்கிறது. சாயம் போட்டவர் அதன் நிறம் சீராக இருக்கிறதா என்று பார்க்கிறார். கட்டிங் மாஸ்டர் அதன் அகலத்தைப் பார்க்கிறார். கணக்கர் அதன் எடையைப் பார்க்கிறார். ரோல் ஒன்றுதான், பார்வைகள் மூன்று. ஒவ்வொருவரும் தம் வேலைக்கு வேண்டியதை மட்டுமே பார்க்கிறார்கள்.

இதே ரோலின் விவரங்கள் கணிப்பொறிக்குள்ளும் இருக்கின்றன. அங்கே அதை எப்படிப் பார்ப்பது? அதற்கென உள்ள கருவியைப் பற்றியும், அதை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

நிரலில் பொருள் என்பது என்ன?

நிரல் எழுதுவதில் ஒரு முறை உண்டு. உலகில் உள்ள பொருள்களைப் போலவே நிரலுக்குள்ளும் 'பொருள்களை' அமைப்பது அம்முறை. ஒரு ரோல் என்பது ஒரு பொருள். அதற்குள் சில அளவுகள் அடங்கியிருக்கும். "உன் எடை என்ன?" என்று நிரல் கேட்டால் அது தன்னிடமுள்ள அளவுகளைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். ஒரே வகையைச் சேர்ந்த பொருள்களுக்கெல்லாம் பொதுவான வரையறையை 'வகுப்பு' என்பர். நூறு ரோல்கள் இருந்தாலும் 'ரோல்' என்ற வகுப்பு ஒன்றே.

இம்முறையை முழுமையாக வளர்த்த மொழி ஸ்மால்டாக். 1970-களில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் முதலியோர் இதை உருவாக்கினர். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பொருளையும் திறந்து உள்ளே பார்க்க ஒரு சாளரத்தையும் அதில் அமைத்தனர். அதுவே 'இன்ஸ்பெக்டர்', அதாவது பொருள் ஆய்வுக் கருவி. இடப்பக்கம் பொருளின் உறுப்புகளின் பெயர்கள். ஒன்றைத் தொட்டால் வலப்பக்கம் அதன் மதிப்பு. அங்கேயே ஒரு கேள்வியைத் தட்டெழுதி, அப்பொருளிடமிருந்து விடை பெறவும் முடியும்.

எண்கள் மட்டும் போதுமா?

நம் ரோலை இக்கருவியில் திறந்தால் இவ்வாறு தெரியும்: டயா 32, நீளம் 80, ஜி.எஸ்.எம். 160, தராசு எடை 20.7.

இயற்பியல் படிக்கும் உங்களுக்கு உடனே ஒரு குறை தென்படும். அலகுகள் எங்கே? டயா அங்குலத்தில் உள்ளது, நீளம் மீட்டரில், தராசு எடை கிலோகிராமில். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடையுள்ளது என்பதைக் குறிக்கும். இவற்றில் எதையும் கருவி சொல்வதில்லை. எண்களை மட்டும் வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது.

இப்போது நிரலில் ஒரு பிழை இருப்பதாகக் கொள்வோம். பின்னல் எந்திரத்திலிருந்து துணி குழாய் வடிவில் வருகிறது. அதைத் தட்டையாக வைத்து அளந்த அகலமே டயா. ஆகவே குழாயை வெட்டி விரித்தால் அகலம் இரு மடங்காகும். நிரல் எழுதியவர் இந்த இரண்டால் பெருக்குவதை மறந்துவிட்டார். என்ன நேரும்?

32 அங்குலம் என்பது 0.8128 மீட்டர். இதை 80 மீட்டரால் பெருக்க, பரப்பு சுமார் 65 சதுர மீட்டர். 160-ஆல் பெருக்க, எடை சுமார் 10.4 கிலோ. உண்மையிலோ இது இரட்டைத் துணி, எடை 20.8 கிலோ. இந்தக் கணக்கை நம்பி நூல் வாங்கினால் தேவையில் பாதிதான் வந்து சேரும். வேலை நடுவில் நிற்கும். கப்பல் ஏற வேண்டிய நாளில் சரக்கு இராது.

ரோலுக்குள் இருக்கும் நான்கு எண்களும் சரியானவையே. தவறு கணக்கிடும் முறையில் உள்ளது. எனவே எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது.

கருவியை நம் வசப்படுத்துதல்

ஸ்மால்டாக்கின் வழியில் வந்தது ஃபாரோ. 2008-இல் தொடங்கிய இந்நிரலாக்கச் சூழல் இலவசமாகக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே கிஷ், அவருடன் டுடோர் கிர்பா, ஆஸ்கார் நியர்ஸ்ட்ராஸ் முதலியோர், களிமண்ணைப் போல வேண்டிய வடிவில் வளைத்துக்கொள்ளத்தக்க ஆய்வுக் கருவியொன்றை ஃபாரோவுக்காக அமைத்தனர். அதைப் பற்றிய அவர்களது கட்டுரை 2015-இல் வெளிவந்தது.

அதன் தத்துவம் எளிது. ஒரு பொருளைத் திறக்கும்போது கருவி அப்பொருளையே கேட்கிறது: "உன்னை எப்படியெல்லாம் காட்ட வேண்டும்?" நாம் ரோல் வகுப்பில் சில வரிகள் எழுதி வைத்தால் அவையே விடையாகின்றன. அவ்வரிகளில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். காட்சியின் தலைப்பு என்ன? பல காட்சிகளில் அது எத்தனையாவதாக வர வேண்டும்? அதில் எதைக் காட்ட வேண்டும்? இவ்வளவே. பழைய எண் பட்டியல் அழிவதில்லை. புதிய காட்சி அதன் அருகே இன்னொரு தாளாக நிற்கிறது. வகுப்பில் எழுதியதால் நூறு ரோல்களுக்கும் அது பொருந்தும்.

நம் ரோலுக்கு 'எடைச் சரிபார்ப்பு' என்றொரு காட்சி எழுதுவோம். முதல் வரியில் நிரல் கணக்கிட்ட எடை. இரண்டாம் வரியில் தராசு காட்டிய எடை. இரண்டும் கிலோகிராம் என்ற அலகுடன். வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் சிவப்பு நிறம். இப்போது ரோலைத் திறந்தால் 10.4 கிலோவும் 20.7 கிலோவும் அருகருகே நிற்கும். ஏறக்குறைய சரிபாதி! "இரண்டால் பெருக்குவது எங்கோ விட்டுப்போயிற்று" என்பது அடுத்த கணமே விளங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை

நாம் எழுதும் காட்சியிலும் தவறு இருக்கலாம். மேலே பிழையைக் காட்டிக்கொடுத்தது அழகான சாளரமன்று, தராசின் எடையே. அது நிரலின் கணக்கைச் சாராமல் தனியே அளந்து பெற்றது. காட்சியின் இரு வரிகளும் அதே தவறான சூத்திரத்திலிருந்து வந்திருந்தால் இரண்டும் 10.4 என்றே ஒத்துப்போயிருக்கும், நாமும் ஏமாந்திருப்போம். ஆய்வகத்தில் ஓர் அளவை வேறொரு முறையால் சரிபார்ப்பதும் இதற்காகவே.

செய்து பாருங்கள்

பழைய பனியன் துணியிலிருந்து 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை, இழுக்காமல் பரப்பி, வெட்டியெடுங்கள். ஒற்றை மடிப்பாக இருக்கட்டும். பள்ளித் தராசில் அதன் எடையைக் கிராமில் காணுங்கள். அதன் பரப்பு சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்பதால், எடையை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைக்கும். கம்பெனிகளில் இதற்கென உள்ள வட்ட வடிவ கட்டரும் இதே 100 சதுர செ.மீ. துண்டைத்தான் வெட்டித் தருகிறது.

பிறகு ஒரு தாளில் உங்கள் மிதிவண்டியை ஒரு 'பொருளாக' எழுதுங்கள். பழுது பார்ப்பவருக்கு ஒரு காட்சி, ஓட்டுபவருக்கு ஒரு காட்சி, வாங்க வருபவருக்கு ஒரு காட்சி. ஒவ்வொன்றிலும் எவை இடம்பெற வேண்டும், எவற்றை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதை முடித்தீர்களானால் கருவியை வடிவமைக்கும் வேலையில் கடினமான பாதி முடிந்தது. மீதி, சில வரி நிரலே.